ஒன்பதாவது காற்று

தயாவதி என்றால் தயை உள்ளவள். விமலநாத நயினார் மகளின் குணம் இன்னதென்று தெரிவதற்கு முன்பே அந்தப் பெயரை வைத்துவிட்டார்.

காஞ்சிபுரத்தை ஒட்டி, வேகவதி ஆற்றுக்கு அப்பால் இருக்கும் திருப்பருத்திக்குன்றம் அவள் ஊர். சமணர் வீடு. எறும்புக்கும் தீங்கு நினைக்கக் கூடாது, பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும், கோபம் என்பது உயிரின்மேல் ஒட்டுகிற பிசின் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். அவளுக்கு எட்டு வயதிருக்கும்போது பெரியப்பா மகன் அவளுடைய சிலேட்டை வேண்டுமென்றே போட்டு உடைத்தான். அவள் அழவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. நான்கு மாதம் கழித்து அவனுக்குப் புதுச் செருப்பு வாங்கி வந்தார்கள். அதில் ஒன்றை மட்டும் எடுத்துக் கிணற்றில் போட்டாள். இரண்டையும் போட்டால் திருட்டுப் போனது என்று நினைத்துக்கொள்வான். ஒன்று மட்டும் போனால்தான் யார் செய்தது, எதற்குச் செய்தது என்பது அவனுக்கு உறைக்கும். எட்டு வயதில் அவ்வளவு யோசித்திருந்தாள்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்ததால் ஆங்கிலம் நன்றாக வந்தது. ஆசிரியைப் பயிற்சி முடித்து, அதே ஊரில் ஆறு ஏக்கர் பயிர் செய்துகொண்டிருந்த வர்த்தமானனுக்கு வாழ்க்கைப்பட்டாள். மாட்டைக்கூட அதட்டாத மனிதர். மனைவி வேலைக்குப் போவதைப் பற்றி ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசியபோது, “அவ படிச்ச படிப்பு அவ தலையில இருக்குது. அத நான் பூட்டி வைக்க முடியுமாபா?” என்று கேட்டுவிட்டு நிலத்தைப் பார்க்கப் போய்விட்டார். தினமும் காலையில் ஆற்றைக் கடந்து நடந்து, பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்ச் சேருவாள். தமிழும் சரித்திரமும் அவள் பாடங்கள்.

பள்ளிக்கூடத்துப் பழைய அலமாரி ஒன்றைச் சுத்தம் செய்தபோது, முன்பக்கம் கரையான் அரித்த சிவப்பு அட்டைப் புத்தகம் ஒன்று கிடைத்தது. கிரேக்கர்களின் பழைய கடவுள்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியது. அதில் ஓர் அத்தியாயம் முழுக்கக் காற்றுக் கடவுள்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தாள். பிறகு மறந்துபோனாள்.

1962 ஆடியில் ஒரு நாள் மதியம் காற்று பேயாட்டம் ஆடியது. எட்டாம் வகுப்பு ஜன்னல்கள் படார் படார் என்று அடித்துக்கொண்டன. பாலாற்று மணல் எல்லாம் வகுப்புக்குள் வந்துவிட்டதோ என்னும்படி நோட்டுப் புத்தகங்கள்மேல் புழுதி. எழுதவும் முடியவில்லை, படிக்கவும் முடியவில்லை. தயாவதி சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கதை சொல்ல ஆரம்பித்தாள்.

வட காற்றின் கடவுள் போரியஸ். தாடியும் இறக்கையும் உள்ளவன். ஏதென்ஸ் நகரத்து ராஜகுமாரி ஒரெய்தியாவைப் பெண் கேட்டான். அப்பன் இழுத்தடித்தான். பொறுத்துப் பார்த்தவன், ஆற்றங்கரையில் விளையாடிக்கொண்டிருந்தவளைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மேற்குக் காற்று செஃபிரஸ், பார்த்தால் சாது. ஆனால் தான் ஆசைப்பட்ட தோழன் இன்னொரு தெய்வத்தோடு விளையாடியதைப் பொறுக்காமல், அவர்கள் விளையாட்டாக எறிந்த இரும்பு வட்டைத் திருப்பி அந்தத் தோழன் நெற்றியில் அடித்துக் கொன்றவன். காற்றுகளுக்கெல்லாம் காவல்காரன் ஏயோலஸ். ஊருக்குத் திரும்பும் யுலிசீஸ் என்ற வீரனுக்காக, கெட்ட காற்றையெல்லாம் ஒரு தோல் பையில் கட்டிக் கொடுத்தான். சொந்த ஊரின் புகை தெரிகிற தூரத்தில், உள்ளே வெள்ளியும் பொன்னும் இருக்கிறது என்று நினைத்துக் கூட வந்தவர்கள் பையை அவிழ்த்துவிட்டார்கள்.

மணி அடித்தும் பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை. அவர்களில் பாதிப் பேர் நெசவாளர் வீட்டுப் பெண்கள். தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டியிருக்கும்போது காற்றடித்தால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒருத்தி கேட்டாள், “நம்ம தென்றலுக்கு அங்க இன்னா பேரு டீச்சர்?”

அந்தக் கேள்விதான் தயாவதியை எழுத உட்கார வைத்தது. நம் ஊரில் நான்கு திசைக்கும் நான்கு பெயர்: வடக்கே வாடை, தெற்கே தென்றல், கிழக்கே கொண்டல், மேற்கே கோடை. அங்கும் நான்கு. ஆனால் நமக்குச் சுகமான தெற்கு அவர்களுக்குப் புயல். நம்மைச் சுடுகிற மேற்கு அவர்களுக்கு வசந்தம். வாடை மட்டும் இரண்டு ஊரிலும் வாடைதான். இதை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் எழுதினாள். பள்ளிவிட்டு வந்து விளக்கு வைக்கும்வரை ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமையில் மூன்று மணி நேரம். மூன்று நோட்டுகள் ஆயின. வேறு பிரதி எடுத்து வைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

புத்தகம் போட யாரைப் பார்ப்பது என்று தலைமையாசிரியை மங்கையர்க்கரசியிடம் கேட்டாள். அவர் கைகாட்டிய ஆள் புலவர் வரதராஜன். ஆண்கள் பள்ளியில் தமிழாசிரியர். மேடையில் மணிக்கணக்காகப் பேசுவார். சென்னையில் ஒரு பதிப்பகத்தாரோடு பழக்கம். ஏற்கெனவே ஒரு தாலாட்டுத் தொகுப்பு அவர் பெயரில் வந்திருந்தது. நோட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நல்லா வந்திருக்குதுமா. ஒரு வருஷம் பொறுங்க, நான் பாத்துக்கறேன்” என்றார். தயாவதி நோட்டுகளை அவரிடமே விட்டு, கும்பிட்டுவிட்டு வந்தாள்.

ஒரு வருடம் போனது. 1965இல் பள்ளி ஆண்டு விழா. பரிசுப் புத்தகங்களைப் பிரித்து எடுத்துக் கொடுக்கும் வேலை தயாவதிக்கு. மேடையோரம் நின்று கட்டைப் பிரித்தாள். மேலே இருந்த புத்தகத்தின் அட்டையில் இறக்கை வைத்த தாடிக்காரன் ஒருவன் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினான். ‘நான்கு திசைக் கடவுளர். புலவர் வரதராஜன்.’ அதே புத்தகம் பன்னிரண்டு பிரதி.

திறந்து பார்த்தாள். முதல் வரி அவளுடையது. தென்றலும் வாடையும் பற்றிய பக்கம் ஓர் எழுத்து மாறாமல் அப்படியே இருந்தது. ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிடக் கூப்பிட, ஒவ்வொன்றாக எடுத்துத் தலைமையாசிரியை கையில் கொடுத்தாள். பன்னிரண்டு பெண்கள் வந்து வாங்கிக்கொண்டு, கை தட்டலோடு இறங்கிப் போனார்கள். கடைசிப் பிரதியைக் கொடுத்த பிறகு தண்ணீர் குடிக்கப் போனவள், விழா முடியும்வரை திரும்பவில்லை.

மறுநாள் மாலை வரதராஜன் வீட்டுக்குப் போனாள். அவர் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார்.

“புலவரே, இது நான் எழுதுனது.”

“யாரு இல்லேன்னது? முன்னுரைய படிச்சீங்களா? ‘படியெடுத்து உதவிய ஆசிரியை ஒருவருக்கும் நன்றி’ன்னு போட்டிருக்கேனே.”

“படியெடுத்தவளா நானு?”

“இதோ பாருங்க டீச்சர். கிரேக்கன் சொன்னத நீங்க எடுத்தீங்க. நீங்க சொன்னத நான் எடுத்தேன். காத்துக்கு யாராச்சும் பட்டா வாங்க முடியுமா? உங்க பேர்ல வந்திருந்தா பத்து காப்பி போயிருக்காது. கத ஊருக்குப் போய்ச் சேந்துதா இல்லியா, அத பாருங்க.”

“என் நோட்டக் குடுங்க.”

“அச்சாபீஸ்ல கேட்டேன். அச்சு கோத்ததும் பழைய பேப்பருக்குப் போட்டுட்டாங்களாம்.”

அவருடைய மனைவி கிருஷ்ணவேணி மோர் டம்ளரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே போனாள். தயாவதி அதைத் தொடவில்லை.

மறுநாள் தயாவதி சொன்னதை மங்கையர்க்கரசி கேட்டுக்கொண்டார். “விட்டுடுங்க தயாவதி. அவரு பள்ளிக்கூட கமிட்டிக்கு வேண்டியவரு. உங்க கையில அத்தாட்சியும் இல்ல. பேசினா உங்க பேர்தான் கெடும்.” வர்த்தமானன் அன்று மாலை சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த மனைவியின் அருகில் வந்து உட்கார்ந்தார். “போனது போவட்டும். மனசுல வெச்சிக்காத” என்றார். மனசில் வைத்துக்கொள்ளாமல் வேறு எங்கே வைத்துக்கொள்வது என்று அவள் கேட்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால் ஒருவேளை ஆறியிருக்கும். இரண்டு வருடம் கழித்து, போரியஸ் கதை எட்டாம் வகுப்புத் துணைப்பாட நூலில் பாடமாகச் சேர்ந்தது. பாடத்தின் தலையில் ஆசிரியர் குறிப்பு: ‘புலவர் வரதராஜன் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். கிரேக்க இலக்கியத்தைத் துறைபோகக் கற்றவர்.’ கிரேக்கம் இருக்கட்டும், ஆங்கிலத்தில் வந்த தந்தியைப் படித்துச் சொல்லவே அவர் ஆள் தேடுவார் என்பது ஊரில் பலருக்குத் தெரியும்.

அந்தப் பாடத்தைத் தயாவதிதான் நடத்தினாள். தன் வாக்கியங்களைத் தானே பலகையில் எழுதி, அருஞ்சொல் பொருள் சொன்னாள். ஒவ்வொரு பரீட்சையிலும் ஒரு கேள்வி தவறாமல் வந்தது: ‘ஆசிரியர் குறிப்பு வரைக.’ ஒரு வருடத்துக்கு நூறு பெண்கள், புலவர் வரதராஜன் கிரேக்கம் கற்றறிந்தவர் என்று எழுதினார்கள். சரியான விடைதான். சிவப்பு மையால் குறி போட்டு இரண்டு மதிப்பெண் கொடுத்தாள். இப்படி ஆறு வருடம் திருத்தினாள். இந்த ஆறு வருடத்தில் அவள் முகத்தில் யாரும் எதையும் பார்க்கவில்லை. வரதராஜன் எதிரே வந்தால் கும்பிட்டாள். அவரும் பெரிய மனதோடு தலையசைத்தார்.

1973இல் வரதராஜன் பள்ளிக்கூடத்து இலக்கிய மன்றத்தைத் தொடங்கிவைக்க வந்தார். ஆசிரியைகள் அறையில் காபி குடித்தபடி, பதிப்பகத்தார் இரண்டாம் பாகம் கேட்டு நச்சரிப்பதாகவும், எழுத நேரம்தான் கிடைக்கவில்லை என்றும் சொன்னார். எல்லோரும் அனுதாபப்பட்டார்கள். தயாவதி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள். அன்று அவள் பாடம் நடத்தியது வழக்கத்தைவிட நன்றாக இருந்தது என்று பிள்ளைகளே பேசிக்கொண்டார்கள்.

பத்து நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனாள்.

“நான் அன்னிக்குப் பேசினது தப்பு, புலவரே. இப்ப புரியுது. என்கிட்ட இன்னும் கதை இருக்குது. எழுதித் தரேன். பேரு உங்க பேரே இருக்கட்டும்.”

வரதராஜன் கண்ணைச் சுருக்கினார். “உங்களுக்கு இன்னா வேணும்?”

“மங்கையர்க்கரசி அம்மா ரிடையர் ஆவப் போறாங்க. அந்த எடத்துக்கு எம் பேரச் சொன்னா கமிட்டி கேக்கும்.”

அவர் முகம் தெளிந்தது. சும்மா கொடுத்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பார். ஆசைப்பட்டு வந்தவள் என்றதும் நம்பிவிட்டார்.

விடுமுறையில் இரண்டு முறை சென்னைக்கு ரயிலேறி, கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தாள். ஏதென்ஸில் எட்டு முகம் கொண்ட ஒரு சலவைக்கல் கோபுரம் இருக்கிறது. முகத்துக்கு ஒரு காற்று வீதம் எட்டுக் காற்றுகளைச் செதுக்கியிருக்கிறார்கள். சங்கு ஊதும் போரியஸ். கேடயம் நிறைய ஆலங்கட்டி வைத்திருக்கும் காய்க்கியாஸ். மடியில் பழமும் தானியமும் ஏந்திய அப்பெலியோட்டஸ். தண்ணீர்க் குடத்தைக் கவிழ்க்கும் நோட்டஸ். எட்டையும் எட்டு அத்தியாயமாக எழுதினாள். ஒரு தகவலைக்கூடப் பிசகவிடவில்லை. புத்தகம் பொய்யாக இருக்கக் கூடாது, பொய் ஓர் இடத்தில் மட்டும்தான் இருக்க வேண்டும் என்பதில் அவளுக்குப் பிடிவாதம் இருந்தது.

பிறகு ஒன்பதாவது அத்தியாயத்தை எழுதினாள். அதற்கு எந்த நூலகத்துக்கும் போகவில்லை. ஒன்பதாவது காற்றுக்கு ஒரு பெயர் வைத்தாள்: திவயாதஸ். இவனுக்குத் திசை கிடையாது. கோபுரத்துக்கு ஒன்பதாவது முகம் இல்லாததால் சிற்பி இவனை உள்சுவரில், யார் கண்ணிலும் படாத இடத்தில் செதுக்கினான். அடுத்தவர் பொருளை ஒளித்து வைத்தவன் வீட்டுக்குள் சாவித் துவாரம் வழியாக இவன் நுழைவான். பெட்டியைத் திறந்து, இருப்பதையெல்லாம் தெருவுக்கு இழுத்து வந்து, ஊரார் முன்னால் போடுவான். எழுதும்போது பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போனது. இரண்டு முறை தாளை மாற்றினாள்.

வர்த்தமானன் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

“இது கோபம் தயா. கோபத்தோட போனா இன்னொரு பொறப்பு எடுக்கணும். உனக்குத் தெரியாதா?”

“தெரியும். எடுத்துக்கறேன்.”

“இதுக்காகவா?”

“இதுக்காகத்தான். ஒரு பொறப்பு போனாப் போவுது.”

அவர் எழுந்துபோய்க் கோயிலில் உட்கார்ந்துவிட்டு வந்தார். அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கையெழுத்துப் பிரதியைக் கொடுப்பதற்கு முன், ஒன்பதாவது அத்தியாயத்தின் முதல் நகலையும் ஒரு கடிதத்தையும் உறையில் போட்டு அரக்கு வைத்து, தன் பெயருக்கே பதிவுத் தபாலில் அனுப்பினாள். இரண்டு நாளில் தபால்காரர் அதை அவளிடமே கொண்டுவந்து கொடுத்தார். பிரிக்காமல் அலமாரியில் வைத்தாள். மேலே தபாலாபீஸ் முத்திரை, தேதியோடு தெளிவாக இருந்தது.

புத்தகம் வர பதினோரு மாதம் ஆயிற்று. இதற்கிடையில் தலைமையாசிரியை வேலை வேறு ஒருவருக்குப் போனது. வரதராஜன் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதில் தயாவதிக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. அவர் வாக்கைக் காப்பாற்றியிருந்தால் மனம் கொஞ்சம் தயங்கியிருக்கும்.

வெளியீட்டு விழா 1974இல் ஒரு சனிக்கிழமை மாலை, கல்யாண மண்டபத்தில் நடந்தது. பட்டுக்கடைக்காரர்கள், ஆசிரியர்கள், பழைய மாணவிகள் என்று நாற்காலி போதவில்லை. சென்னைக் கல்லூரி ஒன்றிலிருந்து சரித்திரப் பேராசிரியர் பாலசந்திரன் தலைமை தாங்க வந்திருந்தார். தயாவதி பெண்கள் வரிசையில் மூன்றாவதாக உட்கார்ந்தாள். மடியில் பை. பொழுது சாய்ந்தால் அவளுக்குச் சாப்பாடு கிடையாது. மதியமும் இறங்கவில்லை. அன்று முழுப் பட்டினி.

வரதராஜன் ஒரு மணி நேரம் பேசினார். எட்டுக் காற்றையும் அவசரமாக முடித்துக்கொண்டு ஒன்பதாவதற்கு வந்தார். அதுதான் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

“திவயாதஸ்! மறைத்ததை வெளிக்கொணரும் மாபெரும் காற்று! கிரேக்க மூலத்தில் இந்தப் பகுதியை நான் படித்தபோது என் மெய் சிலிர்த்தது. வேறு எந்தத் தமிழறிஞனும் இதுவரை தொட்டதில்லை” என்றார். கைதட்டல் எழுந்தது.

பாலசந்திரன் பேச எழுந்தார். நூலைப் பாராட்டிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்கு எட்டுக் காற்றுகள்தான் தெரியும். ஒன்பதாவது எனக்குப் புதிது. புலவர் எந்த நூலில் பார்த்தார் என்று சொன்னால் நானும் தெரிந்துகொள்வேன்.”

“பழைய சுவடி” என்றார் வரதராஜன், உட்கார்ந்தபடியே. “பெயர் உடனே நினைவுக்கு வரவில்லை.”

தயாவதி எழுந்து நின்றாள்.

“ஐயா, எனக்கு ஞாபகம் இருக்குது. சொல்லட்டுங்களா?”

மண்டபம் திரும்பிப் பார்த்தது. பாலசந்திரன் சொல்லுங்கள் என்று கையைக் காட்டினார்.

“அந்தப் பேருல கடைசி ஸ்-ஸ எடுத்துடுங்க. மீதி நாலு எழுத்தப் பின்னாலேருந்து படிங்க.”

பேராசிரியர் புத்தகத்தைத் திறந்து, விரலை வைத்து உதட்டுக்குள் படித்தார். முன்வரிசையில் நான்கைந்து பேர் தங்கள் பிரதியைப் புரட்டினார்கள். எங்கோ பின்னாலிருந்து ஒரு பழைய மாணவி, சத்தமில்லாமல் சொல்ல நினைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டாள்: “த, யா, வ, தி. நம்ம தயாவதி டீச்சரு.”

“இந்தக் கடவுள் கிரேக்கத்துல இல்லிங்க” என்றாள் தயாவதி. “திருப்பருத்திக்குன்றத்துல எங்க வூட்டு ரேழியில பொறந்தது. மொதப் புஸ்தகமும் நான் எழுதுனதுதான். அதுக்கு என்கிட்ட அத்தாட்சி இல்லாம பண்ணிட்டாரு. இதுக்கு இருக்குது.” பையிலிருந்து அரக்கு உறையை எடுத்து, நடந்துபோய் மேடையில் பேராசிரியர் கையில் கொடுத்தாள். “தேதியப் பாத்துட்டு நீங்களே பிரிங்க.”

அவர் பிரித்தார். கடிதத்தை முதலில் மௌனமாகப் படித்தார். பிறகு ஒலிபெருக்கியில் படித்தார். இந்தக் காற்றைத் தான் கற்பனையாக உண்டாக்கியதாகவும், இது யார் பெயரில் அச்சாகிறதோ அவர் கிரேக்கமும் அறியார், ஆங்கிலமும் அறியார் என்றும் தயாவதி எழுதியிருந்தாள். வரதராஜன் எழுந்தார், துண்டைச் சரிசெய்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார். பட்டுக்கடைக்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு பரவி வரிசை வரிசையாகப் பின்னால் போனது. வரதராஜன் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறினார். அவருக்குப் போட்ட மாலை நாற்காலியிலேயே கிடந்தது.

தயாவதி ஊருக்கு நடந்தே போனாள். வர்த்தமானன் ஆற்றங்கரையில் காத்திருந்தார். “முடிஞ்சிதா?” என்றார். “முடிஞ்சிது.” அன்றிரவு பசியோடு படுத்து, விடியும்வரை அயர்ந்து தூங்கினாள்.

பதிப்பகம் இரண்டு புத்தகங்களையும் கடையிலிருந்து திரும்பப் பெற்றது. மறுவருடம் துணைப்பாட நூலிலிருந்து போரியஸ் கதையையும் எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் ஓர் அணைக்கட்டைப் பற்றிய கட்டுரை வந்தது. தன் கதையைப் பிள்ளைகள் இனி படிக்கப் போவதில்லை என்பது புதுப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் தயாவதிக்கு உறைத்தது. கொஞ்ச நேரம் பொருளடக்கத்தைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு அணைக்கட்டை நடத்தினாள்.

அதற்கெல்லாம் முன்பு, வெளியீட்டு விழா முடிந்து ஒரு மாதம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிருஷ்ணவேணி தனியாக நடந்து ஊருக்கு வந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்துத் தயாவதி வாசலிலேயே நின்றாள்.

“உள்ள வரலாமா டீச்சர்?”

உட்கார்ந்த பிறகும் கிருஷ்ணவேணி முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

“அவரு வெளியில போறதில்ல. லீவு போட்டுட்டு சுவத்தப் பாத்துக்கினு படுத்திருக்காரு.”

“அதுக்கு நான் இன்னா பண்ணணும்?”

“நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். நான் ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். அச்சாபீசுக்கு அனுப்பறதுக்கு எப்பவும் நான்தான் காப்பி எடுப்பேன். என் கையெழுத்து நல்லா இருக்கும். உங்க மூணு நோட்டும் நான்தான் எடுத்தேன். இந்த ஒம்போதாவதும் நான்தான் எடுத்தேன்.”

கிருஷ்ணவேணி வாசலை ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

“அந்த ஒண்ணு மட்டும் எழுத்து அழுந்தி இருந்திச்சு. தாளுக்குப் பின்பக்கம் தடவினா கையில தட்டுது. இது ஏன் இப்பிடி இருக்குதுன்னு நெனச்சிக்கினே எழுதினேன். ஏழெட்டு தடவ அந்தப் பேர எழுதினதும் உள்ள இருக்கற உங்க பேரு கண்ணுல பட்டுடுச்சு.”

“தெரிஞ்சும் அவருகிட்ட சொல்லலியா?”

“சொல்லல.”

“ஏன்?”

“அவரோட மொதப் புஸ்தகம் தாலாட்டு இல்லியா? அது எங்கம்மா பாடினது. அம்மா போனப்புறம் ஞாபகத்துல இருந்ததெல்லாம் நான் எழுதி வெச்சேன். எம் பொண்ணுக்குக் குடுக்கலாம்னு. ஒரு நாள் அவரு பேருல புஸ்தகமா வந்து ஊஞ்சல்மேல இருந்திச்சு. ‘பொம்பளைங்க பாட்டுக்குப் பேரு எதுக்குடி’ன்னாரு.” கிருஷ்ணவேணி முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். “அன்னிக்கு மண்டபத்துல நான் கடைசி வரிசையில இருந்தேன் டீச்சர். எல்லாரும் சிரிச்சாங்க இல்ல, நானும்தான் சிரிச்சேன்.”

தயாவதி எழுந்தாள். உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கிருஷ்ணவேணி அதை வாங்கிக் குடித்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் போக வேண்டும், அவருக்குச் சாதம் வைக்க வேண்டும் என்று கிளம்பினாள். அதற்குப் பிறகு இருவரும் கோயில் கடைத்தெருவில் சந்தித்தால் நின்று பேசுவார்கள். விலைவாசி, முழங்கால் வலி. அந்தக் காலைப் பேச்சை இருவருமே மறுபடி எடுக்கவில்லை.

பேராசிரியர் பாலசந்திரன் கடிதம் எழுதியிருந்தார். இரண்டு புத்தகங்களையும் சேர்த்துப் புதிதாக எழுதித் தந்தால், அவள் பெயரிலேயே வெளியிட வேறு இடத்தில் பேசுவதாகச் சொன்னார். தயாவதி ஒரு மாதம் யோசித்தாள். நோட்டை எடுத்து வைத்து உட்கார்ந்தாலும் வாக்கியம் வரவில்லை. வந்ததெல்லாம் அழுத்தமாக, தாளைக் கிழிக்கிறாற்போல வந்தது. மன்னிக்கவும், இப்போது இயலாது என்று பதில் போட்டாள். பிறகு எழுதவே இல்லை. வர்த்தமானன் கேட்டபோது, “எல்லாத்தையும் அந்த ஒண்ணுல செலவு பண்ணிட்டேன் போல” என்றாள். வருத்தமாகச் சொன்னாளா, இல்லையா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

1978இல் ஒரு மாலை, செவிலிமேட்டில் உடல்நலமில்லாமல் இருந்த சக ஆசிரியை அம்சாவைப் பார்க்கப் பேருந்து நிலையத்தில் டவுன் பஸ்ஸுக்கு நின்றாள். வரதராஜன் வீட்டை மாற்றிக்கொண்டு செவிலிமேட்டுக்கே குடிபோய்விட்டது அவளுக்குத் தெரியும். அவரும் அதே வண்டிக்கு நின்றிருந்தார். மெலிந்து, முடி முழுக்க வெளுத்து, கையில் மருந்துச் சீட்டோடு இருந்தார். வண்டி வந்ததும் ஒதுங்கி, அவளை முன்னால் ஏறவிட்டார். பெண்கள் பக்கத்தில் ஓர் இடம் இருந்தது, உட்கார்ந்தாள். அவருக்கு இடமில்லை. அவளுக்குப் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பஸ் கிளம்பிச் சற்று தூரம் போனதும், “நல்லா இருக்கீங்களா டீச்சர்?” என்றார். மேடைக் குரல் போய்விட்டிருந்தது.

தயாவதி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். என்றாவது இவரை நேரில் பார்த்தால் மனம் இளகும் என்று வர்த்தமானன் சொல்லியிருந்தார். இளகுகிறதா என்று தனக்குள் பார்த்தாள். இளகவில்லை. அவர் தடுமாறிக் கம்பியை மாற்றிப் பிடிப்பதைப் பார்த்தபோது அவளுக்குள் பழைய திருப்தி அப்படியே இருந்தது, கொஞ்சமும் குறையாமல்.

நடத்துனர் வந்தார். “செவிலிமேடு ஒண்ணு” என்று சொல்லித் தன் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.